கேரல் பர்னெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவர் ஒருவர் தன் கையிலேயே மயக்க ஊசியைக் குத்திக்கொள்ளும் பழைய காமெடி கிளிப் ஒன்று இணையத்தில் பல காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு 'இது எந்த ஷோ, யார் நடத்தினது?' என்று கேட்பவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இந்தக் கேள்வி பதில்.

கேரல் பர்னெட் யார்?

அமெரிக்க நகைச்சுவை நடிகை. 1933 ஏப்ரல் 26-இல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் பிறந்தவர். அவர் பெயரிலேயே சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'தி கேரல் பர்னெட் ஷோ' 1967 செப்டம்பரில் தொடங்கி 1978 மார்ச் வரை, 11 சீசன் ஓடியது. அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் பெரிய விருதான எம்மியில் 25-ஐ அள்ளியது. பாட்டு, நடனம், விருந்தினர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் இன்றைக்கும் ஜனங்கள் தேடிப் பார்ப்பது ஸ்கெட்ச்களைத்தான்.

ஸ்கெட்ச் என்றால் என்ன? ஸ்டாண்ட்அப் மாதிரியா?

இல்லை. ஸ்டாண்ட்அப்பில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவார். ஸ்கெட்ச் என்பது ஐந்து, பத்து நிமிடக் குட்டி நாடகம். வேஷம், செட், கதாபாத்திரம் எல்லாம் இருக்கும். விஜய் டிவியில் வந்த லொள்ளு சபாவைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சின்ன வயது எப்படி இருந்தது?

கஷ்டம்தான். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் குடிப்பழக்கம், இருவரும் பிரிந்தும்விட்டார்கள். ஹாலிவுட்டில் ஒரே ஒரு அறை கொண்ட வீட்டில் அம்மாவழிப் பாட்டி மேபல் வைட்தான் அவரை வளர்த்தார். அம்மா அதே கட்டடத்தில், கொஞ்சம் தள்ளி இன்னொரு அறையில் இருந்தார். கையில் காசு கிடைத்தால் பாட்டியும் பேத்தியும் நேராக சினிமா தியேட்டருக்குப் போய்விடுவார்கள். பிற்பாடு அந்த ஷோவில் வந்த சினிமாப் பகடிகளில் பல, அந்த நாட்களில் பார்த்த படங்களைக் கிண்டலடித்தவைதான்.

யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சேரப் பணம் இல்லை. ஒருநாள் தபால் பெட்டியில் அனுப்பியவர் பெயரே இல்லாத உறை ஒன்று. உள்ளே 50 டாலர். போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பத்திரிகைத் துறைக்குப் போகும் எண்ணத்தில் சேர்ந்தவர், ஒரு நாடக வகுப்பில் முதல் கைத்தட்டல் கிடைத்ததும் அந்தப் பக்கமே போய்விட்டார்.

ஆயிரம் டாலர் கதை உண்மையா?

உண்மை. அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படித்துக்கொண்டிருந்தபோது சான் டியாகோவில் ஒரு விருந்துக்குப் போய் மாணவர்கள் பாடி நடித்தார்கள். முடிந்ததும் பாட்டிக்குக் கொடுக்கலாம் என்று பலகாரங்களைக் காகித நாப்கினில் சுற்றிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார். போச்சு, மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்திருக்கிறார். வந்தவர் கேட்டதோ வேறு: வாழ்க்கையில் என்ன செய்யப்போகிறாய்? நியூயார்க் போய் மேடையில் நடிக்க ஆசை, பணம்தான் இல்லை என்றார் கேரல்.

அந்த மனிதர் அவருக்கும், உடன் இருந்த காதலர் டான் சரோயனுக்கும் ஆளுக்கு ஆயிரம் டாலர் கடனாகக் கொடுத்தார். சில நிபந்தனைகள். பணத்தை நியூயார்க் போகத்தான் செலவழிக்க வேண்டும். ஐந்து வருஷத்தில் வட்டியில்லாமல் திருப்பித் தர வேண்டும். கொடுத்தவர் பெயரை வெளியில் சொல்லக்கூடாது. முன்னுக்கு வந்தால் இன்னும் நாலு பேருக்கு உதவ வேண்டும். கேரல் கெடு நாளன்று கடனை அடைத்தார். பெயரை இதுவரை வாய்விடவில்லை.

நியூயார்க்கில் உடனே வாய்ப்பு கிடைத்ததா?

அவ்வளவு சுலபத்தில் கிடைக்குமா! நடிக்க வந்த இளம்பெண்கள் தங்கும் ரிஹர்சல் கிளப் என்ற விடுதியில் இருந்துகொண்டு, ஓர் உணவகத்தில் வாடிக்கையாளர்களின் தொப்பியையும் கோட்டையும் வாங்கி வைக்கும் வேலை பார்த்தார். நீ நடித்து நான் பார்த்ததே இல்லையே என்று ஏஜென்ட்கள் கையை விரித்தார்கள். அவர்களில் ஒருவர், நீங்களே ஒரு ஷோ போட்டுக் காட்டுங்களேன் என்று சொல்லிவைத்தார். தட்டிக்கழிக்கச் சொன்னதாகக்கூட இருக்கலாம். விடுதித் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு 1955-இல் நிஜமாகவே ஷோ போட்டு, ஊரில் உள்ள ஏஜென்ட்களை எல்லாம் அழைத்துவிட்டார் கேரல்.

1957-இல் ஒரு நகைச்சுவைப் பாட்டு அவரைப் பிரபலமாக்கியது. அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் சிரிப்பையே காணாத முகம் கொண்டவர். அவர்மேல் ஒரு இளம்பெண் பித்தாகிக் கிடப்பதாகப் பாட்டு. பேட்டி ஒன்றில் அமைச்சரிடமே இதைப் பற்றிக் கேட்டார்கள். மனசு சம்பந்தப்பட்ட விஷயங்களைப் பொதுவில் பேசுவதில்லை என்று சொல்லிச் சமாளித்தார் அவர்! 1959-இல் 'ஒன்ஸ் அபான் எ மேட்ரஸ்' இசை நாடகத்தில் கதாநாயகி, அதே வருஷம் கேரி மூரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிரந்தர இடம். 1962-இல் எம்மி.

பெண் ஒருவருக்கு அந்தக் காலத்தில் சொந்த ஷோ எப்படிக் கிடைத்தது?

சிபிஎஸ் மனமுவந்து கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒளிந்திருந்த ஒரு வரியை வைத்து வாங்கினார்.

கேரி மூர் ஷோவிலிருந்து வெளியே வந்தபோது சிபிஎஸ் அவருடன் பத்து வருஷ ஒப்பந்தம் போட்டது. முதல் ஐந்து வருஷத்துக்குள் கேரல் விரும்பிக் கேட்டால், பாட்டு, நடனம், ஸ்கெட்ச் எல்லாம் கலந்த ஒரு மணி நேர வெரைட்டி ஷோவை 30 வாரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. ஷோ நடந்தாலும் நடக்காவிட்டாலும் சம்பளம் உண்டு. கேரலுக்கே அது அப்போது பெரிதாகப் படவில்லை. 1966 கடைசியில், கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, கையில் வேலை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் புதிதாக வாங்கிய வீட்டில் சாமான் போடக்கூடக் காசு இல்லாமல் அவரும் கணவர் ஜோ ஹாமில்டனும் உட்கார்ந்திருந்தார்கள். போனை எடுத்து சிபிஎஸ் அதிகாரியிடம் அந்த ஷரத்தைக் கேட்டார். அதிகாரிக்கு ஷரத்தே மறந்துபோயிருந்தது. வெரைட்டி ஷோ எல்லாம் ஆண்கள் ஆடும் ஆட்டம், சிட் சீசர், ஜாக்கி கிளீசன், டீன் மார்ட்டின் மாதிரி ஆட்கள் செய்வது, உங்களுக்கு நல்ல சிட்காம் (வாராவாரம் அதே பாத்திரங்கள் வரும் நகைச்சுவைத் தொடர்) ஒன்று தருகிறோம் என்றார். கேரல் மசியவில்லை. ஒவ்வொரு வாரமும் அதே ஆளாக நடிக்க எனக்கு இஷ்டமில்லை, விதவிதமான வேஷம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கதையைப் பலர் 'துணிச்சல் பெண்' கதையாக மட்டும் சொல்வார்கள். அதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு ஸ்கெட்ச் சரியில்லை என்றால் கிளீசன் மாதிரி ஆட்கள் எழுத்தாளர்களை நேரடியாகவே போட்டுத் தாளித்துவிடலாம். கேரலோ, 'நான்தான் இந்த வசனத்தைச் சரியாகச் சொல்லவில்லைபோல, வந்து கொஞ்சம் உதவுங்களேன்' என்று எழுத்தாளர்களைக் கூப்பிடுவாராம். பெண் குரலை உயர்த்தினால் கிடைக்கும் பட்டம் என்னவென்று அவருக்குத் தெரியும். ஷோவின் பெயரே தன் பெயராக இருந்தும் இந்தச் சுற்றுவழி.

ஷோவின் தொடக்கத்தில் பார்வையாளர்களிடம் கேள்வி கேட்கச் சொல்வாரே, அதெல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ததா?

இல்லை. அரங்கில் விளக்கைக் கூட்டச் சொல்லிவிட்டு, யாராவது கையைத் தூக்கினால் அவர்களைக் கேட்கச் சொல்வார். ஷோ முழுக்க வேஷத்திலும் விக்கிலும் வரும் ஆளை ஜனங்கள் முதலில் அவராகவே பார்க்கட்டும் என்று தயாரிப்பாளர் பாப் பேனர் சொன்ன யோசனை அது. கேரலுக்கு முதலில் நடுக்கம். யாரும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம், கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயம்.

இந்தப் பழக்கம் பிற்பாடும் அவரை விட்டுப் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து மேடைகளில் வெறும் கேள்வி பதில் நிகழ்ச்சியாகவே நடத்தினார். அதில் ஒருமுறை ஒருவர் கேட்டார்: 24 மணி நேரம் ஆணாக மாறிவிட்டு மறுபடி நீங்களாகத் திரும்பலாம் என்றால் யாராக மாறுவீர்கள், என்ன செய்வீர்கள்? ஒசாமா பின்லேடனாக மாறுவேன், தற்கொலை செய்துகொள்வேன் என்று பதில். எழுதி வைத்துக்கொண்டு வந்தாலும் இப்படி வராது.

படப்பிடிப்பு எப்படி நடக்கும்?

லாஸ் ஏஞ்சலஸ் சிபிஎஸ் டெலிவிஷன் சிட்டி, ஸ்டுடியோ 33. வெள்ளிக்கிழமை ஒரே நாளில் இரண்டு முறை, இரண்டு வேறு வேறு கூட்டத்தின் முன்னால் முழு ஷோவையும் நடத்திப் பதிவு செய்வார்கள். இரண்டிலும் நன்றாக வந்ததை எடுத்து ஒட்டுவார்கள். மேடை நாடகம் மாதிரி நிறுத்தாமல் ஓட வேண்டும் என்பதில் கேரல் கறார். செட் ஆட்கள் செட்டை மாற்றி முடிப்பதற்குள் தான் உடை மாற்றிவிடுவேன் என்று பந்தயம் கட்டுவாராம். வந்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களைக் காக்க வைக்கக்கூடாது, அலுப்பு தட்டினால் சிரிப்பு வராது என்பதுதான் கணக்கு.

உடன் நடித்தவர்கள் யார்?

ஹார்வி கோர்மன், விக்கி லாரன்ஸ், லைல் வாகனர் மூவரும் முதல் சீசனிலிருந்தே. டிம் கான்வே ஆரம்பத்தில் விருந்தினராக வந்து போனார், 1975-இலிருந்து நிரந்தரம்.

விக்கி வந்த விதம் தனிக்கதை. நீங்கள் கேரல் பர்னெட் ஜாடையாக இருக்கிறீர்கள் என்று எல்லோரும் சொல்ல, பள்ளி மாணவியாக இருந்த விக்கி கேரலுக்கே கடிதம் எழுதினார். தான் கலந்துகொள்ளும் ஓர் உள்ளூர் போட்டியைப் பற்றியும் அதில் குறிப்பிட்டிருந்தார். நிறைமாத கர்ப்பிணியாக இருந்த கேரல் அந்தப் போட்டியைப் பார்க்கப் போய் உட்கார்ந்துவிட்டார். ஷோ தொடங்கியபோது விக்கிக்கு வயது 18. அனுபவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சேர்த்துக்கொண்டார்.

என்னைக் கேட்டால், கேரலின் பெரிய திறமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. தன்னைவிட அதிகம் சிரிக்க வைக்கக்கூடியவர்களைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர்கள் சிரிப்பை அள்ளும்போது இவர் ஓரமாக நின்று பந்தை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பல் மருத்துவர் கிளிப்பில் கேரல் கிடையவே கிடையாது, கவனித்தீர்களா?

பல் மருத்துவர் ஸ்கெட்சில் கோர்மன் நிஜமாகவே சிரித்தாரா?

ஆமாம். படிப்பை முடித்துவிட்டு வந்த புது மருத்துவர் கான்வே, முதல் நோயாளி கோர்மன். மரத்துப்போக வைக்கும் ஊசியை மருத்துவர் தவறித் தன் கையில் குத்திக்கொள்கிறார், கை தொங்குகிறது. அடுத்து கால். அப்புறம் நெற்றி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கோர்மன் ஒரு கட்டத்தில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறார். வலியில் துடிக்கிற மாதிரி நடிக்கப் பார்க்கிறார், முடியவில்லை.

கான்வேயின் உத்தி இது. முதல் பதிவில் எழுதியதை எழுதியபடி நடிப்பார். இயக்குநர் டேவ் பவர்ஸிடம் போய், எல்லா ஷாட்டும் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்வார். வந்துவிட்டது என்றால் இரண்டாம் பதிவில் யாருக்கும் சொல்லாமல் புதிதாக எதையாவது இறக்குவார். கோர்மன் அப்படியே மாட்டிக்கொள்வார்.

கடைசி சீசனில் ஒரு ஸ்கெட்சில், தும்பிக்கை ஒட்டிப் பிறந்த இரட்டை யானைகளைப் பற்றி கான்வே முகத்தில் சலனமே இல்லாமல் ஒரு கதையை இழு இழு என்று இழுத்தார். கேரலும் அந்த சீசனில் உடன் நடித்த டிக் வேன் டைக்கும் சிரித்து ஓய்ந்துபோனார்கள். கதை முடிந்ததும் அதுவரை வாயைத் திறக்காத விக்கி, 'இவன் முடித்துவிட்டானா?' என்று ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துக் கேட்டார். கான்வேயாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வசனம் அன்று ஒளிபரப்பாகவில்லை, இன்று இணையத்தில் கிடைக்கிறது.

நடிகர்கள் மேடையில் சிரித்துவிடுவது ஒழுங்கா என்று சிலர் கேட்பார்கள். வேண்டுமென்றே சிரித்தால் எரிச்சல்தான் வரும். இவர்கள் அடக்கப் பார்த்துத் தோற்றார்கள், அதனால்தான் பார்க்கிற நமக்கும் அடக்க முடியவில்லை.

திரைச்சீலைக் கம்பி ஸ்கெட்ச் எது?

'கான் வித் தி விண்ட்' படத்தில் வறுமையில் இருக்கும் நாயகி, ஜன்னல் திரைச்சீலையைக் கிழித்துக் கவுன் தைத்துக்கொள்வாள். 1976 நவம்பரில் அந்தப் படம் முதன்முறையாக அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சியில் வந்தது. அதே வாரம், நவம்பர் 13-இல் இவர்களின் பகடி.

திரைச்சீலையைச் சும்மா மேலே சுற்றிக்கொண்டு வருவதாகத்தான் எழுதியிருந்தார்கள். உடை வடிவமைப்பாளர் பாப் மேக்கி அதை நிஜமான கவுனாகவே தைத்து, தோளின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி திரைச்சீலைக் கம்பியையும் உள்ளேயே விட்டுவிட்டார். கேரல் படியில் இறங்கி வந்த கணத்தில் அரங்கம் இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. கவுன் அழகாக இருக்கிறதே என்று கோர்மன் சொல்ல, ஜன்னலில் பார்த்தேன், விட மனசு வரவில்லை என்கிறார். அந்த உடை இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

மேக்கியை வெறும் தையல் கணக்கில் சேர்க்கக்கூடாது. திருமதி விக்கின்ஸ் என்ற மந்தமான செயலாளர் பாத்திரத்தை எழுத்தாளர்கள் வயதான பெண்ணாகத்தான் எழுதினார்கள். மேக்கி கொண்டுவந்து கொடுத்ததோ கறுப்பு நிற இறுக்கமான பாவாடை. பின்பக்கம் மட்டும் தொளதொளவென்று தொங்கியது. பிடித்துத் தைக்கச் சொன்னார் கேரல். வேண்டாம், நீங்கள் பின்பக்கத்தைத் தள்ளி அதை நிரப்புங்கள் என்றார் மேக்கி. தள்ளி நின்று நடந்து பார்த்தார். திருமதி விக்கின்ஸின் அந்தப் புகழ்பெற்ற நடை அப்படிப் பிறந்ததுதான்.

'தி ஃபேமிலி' ஸ்கெட்ச்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, சங்கடமாகவும் இருக்கிறது. ஏன்?

அதில் ஜோக்கே கிடையாது, அதனால்தான். டிக் கிளேர், ஜெனா மக்மேன் இருவரும் எழுதி 1974-இல் தொடங்கியது. எப்போதும் குறை சொல்லும் அம்மா, அவளுடைய ஒரு நல்ல வார்த்தைக்காக ஏங்கி ஏங்கிக் கத்தும் மகள் யூனிஸ், ஏதோ பேர் பண்ணிக்கொண்டிருக்கும் மருமகன் எட். ஒரே அறைக்குள் மூவரும் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அம்மா வேஷம் கேரலுக்கென்று எழுதப்பட்டது. அவர் யூனிஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவாக, தன்னைவிட ஏறக்குறைய 16 வயது இளைய விக்கியைப் போட்டார். பேச்சில் டெக்சாஸ் வாடையைச் சேர்த்ததும் கேரல்தான், எழுத்தாளர்களுக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒருமுறை ஒத்திகையில் கோமாளித்தனத்தை எல்லாம் விட்டுவிட்டு அதே வசனங்களைச் சாதாரணமாகப் பேசிப் பார்த்தார்களாம். கேட்கவே முடியவில்லை, அவ்வளவு துயரம் என்கிறார் கேரல். குடிக்கும் அம்மாவோடு வளர்ந்தவருக்கு யூனிஸ் எங்கிருந்து வந்தாள் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. ஷோ முடிந்த பிறகு விக்கியின் பாத்திரம் 'மாமாஸ் ஃபேமிலி' என்று தனித் தொடராகவே வந்தது.

நிகழ்ச்சி முடிவில் தன் காதை இழுத்துக் காட்டுவாரே, அது எதற்கு?

பாட்டிக்கு வணக்கம். நீ டிவியில் வந்தால் எனக்கு ஒரு சைகை காட்டு என்று பாட்டி கேட்டாராம். பாட்டி போன பிறகும் நிறுத்தவில்லை.

டார்சன் மாதிரி கத்திக் காட்டுவாரே, அந்தக் கத்தல்?

சிறுவயதில் உறவுக்காரப் பெண்ணோடு சினிமா விளையாட்டு. அவள் அழகி, அதனால் அவள்தான் கதாநாயகி. இவர் டார்சன். பிற்பாடு நியூயார்க்கின் பெரிய துணிக்கடை ஒன்றில் காசோலை கொடுத்தபோது அடையாள அட்டை கையில் இல்லை. டார்சன் கத்தல் கத்திக்காட்டினால் நீங்கள்தான் என்று நம்புகிறேன் என்றார் கடைக்காரர். கத்தினார். கதவைத் தள்ளிக்கொண்டு காவலாளி துப்பாக்கியோடு ஓடிவந்தார்.

பத்திரிகை மீது வழக்குப் போட்டாராமே?

ஆமாம், 'நேஷனல் என்கொயரர்' என்ற கிசுகிசுப் பத்திரிகை மீது. வாஷிங்டன் உணவகம் ஒன்றில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கரோடு இவர் சத்தமாக வாக்குவாதம் செய்ததாகவும், குடித்துவிட்டு அலம்பல் பண்ணினார் என்று தொனிக்கும்படியும் 1976-இல் ஒரு குறுஞ்செய்தி போட்டார்கள். நடந்தது அதுவல்ல. பெற்றோர் இருவரையும் குடியில் பறிகொடுத்தவருக்கு எந்தப் பொய்யையும்விட இந்தப் பொய் வலித்தது. பத்திரிகை மறுப்பு வெளியிட்டும் விடவில்லை. 1981-இல் ஜூரி 16 லட்சம் டாலர் தரச் சொன்னது. நீதிபதி அதைப் பாதியாக்கினார், மேல்முறையீட்டில் 2 லட்சமாகக் குறைந்தது. கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். கிடைத்த பணத்தில் ஹவாய், பெர்க்லி பல்கலைக்கழகங்களின் இதழியல் படிப்புகளுக்கு நன்கொடை கொடுத்தார். ஹாலிவுட் நட்சத்திரங்கள் இத்தகைய பத்திரிகைகளை நீதிமன்றத்துக்கு இழுக்கத் தயங்கிய காலம் அது.

குடும்பம்?

நியூயார்க்குக்கு உடன் வந்த டான் சரோயனுடன் முதல் திருமணம், பிறகு தயாரிப்பாளர் ஜோ ஹாமில்டன். 1984-இல் அதுவும் விவாகரத்தில் முடிந்தது. 2001-இல் பிரையன் மில்லரை மணந்தார். ஜோவுடன் மூன்று மகள்கள்: கேரி, ஜோடி, எரின்.

மூத்த மகள் கேரி பதின்ம வயதில் போதைக்கு அடிமையாகி மீண்டவர். அதைக் குடும்பம் மூடி மறைக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார்கள். பின்னாளில் கேரலின் பால்யத்தை வைத்து அம்மாவும் மகளும் சேர்ந்து 'ஹாலிவுட் ஆர்ம்ஸ்' என்ற நாடகத்தை எழுதினார்கள். 2002 ஜனவரியில் புற்றுநோயால் கேரி இறந்தார், வயது 38. அதே ஆண்டு இறுதியில் நாடகம் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அரங்கேறியது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஷோவை ஏன் நிறுத்தினார்?

சிபிஎஸ் பன்னிரண்டாவது சீசனுக்கும் தயாராகவே இருந்தது. அவர்கள் கிளம்பு என்று சொல்வதற்கு முன் நாமே கிளம்பிவிடுவது மரியாதை என்று கேரல் முடிவெடுத்தார். கோர்மன் 1977-இலேயே வேறு சேனலுக்குப் போயிருந்தார், அவர் இடத்துக்கு வந்த டிக் வேன் டைக் சில மாதங்களில் விலகினார். அந்தக் கடைசி சீசனில் கோர்மன் இல்லாத குறை அப்பட்டமாகத் தெரியும். சரியான நேரத்தில்தான் எழுந்தார்.

அதற்குப் பிறகு?

1982-இல் 'ஆனி' படத்தில் அனாதை விடுதி நடத்தும் மிஸ் ஹானிகன். 2001-இல் பழைய குழுவோடு சேர்ந்து வந்த ஒரு சிறப்பு நிகழ்ச்சியைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். 2005-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம், 2013-இல் நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் விருது. 2019-இல் கோல்டன் குளோப் அவர் பெயரிலேயே ஒரு விருதை ஏற்படுத்தி முதல் விருதை அவருக்கே கொடுத்தது. 2022-இல் 'பெட்டர் கால் சால்' என்ற தொலைக்காட்சித் தொடரின் கடைசி சீசனில் மேரியன் என்ற பாட்டியாக வந்தார். நகைச்சுவை துளியும் இல்லாத பாத்திரம், ஒரு சமையலறைக் காட்சியில் கண்ணாலேயே பயத்தைக் காட்டியிருப்பார்.

இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வருமா?

எல்லாவற்றுக்கும் வராது. சில ஸ்கெட்ச்கள் இழுவை. தன் வாயையும் மோவாயையும் வைத்துத் தன்னையே அவர் மட்டம் தட்டிக்கொள்ளும் ஜோக்குகள் இன்று கொஞ்சம் உறுத்தும். அந்த வாரத்து விளம்பரங்களைக் கிண்டலடிக்கும் பகுதிகள் நமக்குப் புரியவே புரியாது. உடம்பால் செய்த காமெடி மட்டும் மங்கவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் பல் மருத்துவர். அடுத்து திருமதி விக்கின்ஸும் முதலாளி டட்பாலும். பிறகு திரைச்சீலை. 'தி ஃபேமிலி'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை இரண்டு மூன்று பார்த்தால்தான் ஆட்கள் பிடிபடுவார்கள். பழைய மறுஒளிபரப்பு அரை மணி நேரத் தொகுப்புகளில் பாட்டும் நடனமும் வெட்டப்பட்டிருக்கும். முதல் ஐந்து சீசன்கள் உரிமைப் பிரச்சினையால் பல காலம் வெளியே வராமல் கிடந்து, 2015-இல்தான் டிவிடியாக வரத் தொடங்கின. அதனால் துண்டு கிளிப்பாக இல்லாமல், தொடக்கக் கேள்வி பதிலோடு கூடிய முழு எபிசோடாகக் கிடைத்தால் அதையே பாருங்கள்.